டொராண்டோவை டொராண்டோ விழுங்கிய கதை

1991 மே மாதம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றத்தில் மைக் ஹாரிஸ் எழுந்து ஒரு மசோதாவை அறிமுகப்படுத்தினார். மசோதாவில் சரக்கு ஒன்றும் கிடையாது, எல்லாம் தலைப்பில்தான். ஒன்டாரியோவில் ஓடுகிற, தேங்குகிற, சலசலக்கிற நீர்நிலைகளின் பெயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய தலைப்பு அது. விதிப்படி தலைப்பை முழுசாக வாசித்தே ஆக வேண்டும். வாசித்தார்கள். ஏரிக்குப் பின் ஏரி, ஆற்றுக்குப் பின் ஆறு என்று அன்றைய பொழுது கரைந்தது. பாப் ரேயின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு எடுக்க நினைத்த பட்ஜெட்டை அன்று எடுக்கவே முடியவில்லை. மன்றத்தில் மூன்றாவது இடத்தில் இருந்த ஒரு கட்சியின் தலைவர் வெறும் பூகோளத்தை வைத்துக்கொண்டு அரசாங்கத்தை நிறுத்திக் காட்டிவிட்டார். புதிய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பல்லைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடவே குறிப்பும் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஹாரிஸ் டொராண்டோக்காரர் அல்ல. அங்கிருந்து சாலைவழி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கும் நார்த் பே ஊர்க்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்திருக்கிறார், கோல்ஃப் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1994-ல் ஃபெர்கஸ் என்ற சிற்றூருக்குப் போனவர் அங்கே உள்ளூராட்சிகளை இணைப்பதற்கு எதிராக வெளுத்து வாங்கினார். ஓர் ஊர் தன் பெயரையும் அடையாளத்தையும் வைத்துக்கொள்வதற்கு ஒரு காசு செலவில்லை, பெரியதென்றால் நல்லது என்பதை நான் ஏற்கவில்லை, பெரிய ஊர்களில்தான் சேவைகளுக்குச் செலவு எப்போதும் அதிகம் என்ற பொருளில் பேசினார். நல்ல பேச்சு. இதைவிடத் தெளிவாக இணைப்பை எதிர்த்துப் பின்னாளில் எவரும் வாதாடியதில்லை. 1995-ல் ‘பொதுப்புத்திப் புரட்சி’ என்ற முழக்கத்தோடு ஹாரிஸ் ஆட்சிக்கு வந்தார். ஃபெர்கஸ் பேச்சு ஃபெர்கஸிலேயே தங்கிவிட்டது.

இணைக்கப்பட இருந்த ஊரின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1950-ல் டொராண்டோ மாநகரம் தன்னைச் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் தன்னோடு சேர்த்துவிடும்படி மாகாண நகராட்சி வாரியத்துக்கு மனுப் போட்டது. சுற்றூர்கள் அலறின. எங்கள் வரிப்பணத்தில் டவுன்டவுன்காரன் மஞ்சள் குளிப்பானா என்று கேட்டன. கடைசியில் மாகாணம் ஒரு சமரசம் செய்தது. பதின்மூன்று ஊராட்சிகளும் அப்படியே இருக்கட்டும், அவற்றின் தலைக்கு மேல் ‘மெட்ரோ’ என்றொரு மேல்மன்றம் உட்காரட்டும் என்றது. 1954-ல் மெட்ரோ நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கொரு அடுப்பு, ஊருக்கு ஒரே கிணறு என்கிற ஏற்பாடு அது. குடிநீர், கழிவுநீர், பெரிய சாலை, பேருந்து, பின்னாளில் போலீஸ் எல்லாம் மெட்ரோ கையில். பூங்கா, நூலகம், தெருக்குப்பை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியின் உயரம் போன்ற உயிர்நாடி விவகாரங்கள் உள்ளூர் கையில். மெட்ரோவின் முதல் தலைவர் ஃப்ரெடரிக் கார்டினருக்கு ‘பிக் டாடி’ என்று பட்டப்பெயர். உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் ஒரு விரைவுச்சாலையை வாங்கிக்கொண்டவர். 1967-ல் பதின்மூன்று ஊர் ஆறாகச் சுருங்கியது: டொராண்டோ, நார்த் யார்க், ஸ்கார்பரோ, எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க். வெளியூர் நிபுணர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, அமெரிக்காவில் இப்படி ஓர் ஊர் இல்லையே என்று ஆச்சரியப்பட்டுப் போனார்கள். சரியாக ஓடுகிற வண்டி என்றால் அரசாங்கத்துக்குக் கை பரபரக்கும் அல்லவா?

டொராண்டோ வட்டாரத்தின் ஆட்சியமைப்பை ஆராய ஆன் கோல்டன் தலைமையில் அமைந்த குழு 1996 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. டொராண்டோவையும் அதைச் சூழ்ந்த வட்டாரங்களையும் தழுவி ஒரு பெருமன்றம் வைக்கலாம், மெட்ரோ போன்ற நடுத்தட்டுகளைக் கலைக்கலாம், கீழே உள்ளூராட்சிகள் இருக்கட்டும் என்பது அதன் சாரம். அரசு அறிக்கையைப் பணிவோடு வாங்கி அலமாரியில் வைத்தது. 1996 டிசம்பரில் நகராட்சித்துறை அமைச்சர் அல் லீச் மசோதா 103-ஐக் கொண்டுவந்தார். ஆறு ஊரையும் மெட்ரோவையும் சேர்த்து அரைத்து, ‘டொராண்டோ’ என்ற ஒரே உருண்டையாகப் பிடிக்கும் மசோதா. லீச் அமைச்சராவதற்கு முன்பு டிடிசி எனப்படும் டொராண்டோ போக்குவரத்துக் கழகத்தின் தலைமைப் பொது மேலாளர். அந்தக் கழகத்துக்கு மாகாணம் கொடுத்துவந்த மானியமும் இதே ஆட்சியில்தான் நின்றது.

எதற்கு இணைப்பு என்று கேட்டவர்களிடம் கேபிஎம்ஜி நிறுவனம் தயாரித்த ஓர் அறிக்கை நீட்டப்பட்டது. 2000-ஆம் ஆண்டுக்குள் 86.5 கோடி டாலர் வரை மிச்சம், அதற்குப் பிறகு வருடாவருடம் 30 கோடி டாலர் வரை மிச்சம். இதில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் அடிக்கோடிட வேண்டும். லாட்டரிச் சீட்டிலும் ‘ஒரு கோடி வரை’ என்றுதான் போட்டிருக்கும்.

மிச்சக் கணக்கு சொன்ன அதே கையோடு, 1997 ஜனவரியில் சமூக உதவித்தொகை, அரசுக் குடியிருப்பு, போக்குவரத்து ஆகியவற்றின் சுமையை நகராட்சிகளின் தலையில் இறக்குவதாக அரசு அறிவித்தது. டொராண்டோவின் முன்னாள் மேயரும் ஹாரிஸ் கட்சிக்கு வேண்டியவருமான டேவிட் குரோம்பியை வைத்துத்தான் எந்த வேலையை யார் செய்வது என்று யோசிக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். யோசித்துச் சொன்ன குரோம்பியே தலையில் கை வைத்துக்கொண்டார்.

மசோதா நிறைவேறுவதற்கு முன்பே, நிறைவேறியே விட்டது என்கிற தோரணையில் வீடுவீடாக அரசு துண்டறிக்கை அனுப்பியது. சட்டமன்றம் என்று ஒன்று இடையில் இருப்பது ஞாபகமில்லை போலிருக்கிறது. சபாநாயகர் கிறிஸ் ஸ்டாக்வெல்லுக்கு ஞாபகம் இருந்தது. இது முகாந்திரமுள்ள சபை அவமதிப்பு என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்டாக்வெல் எட்டோபிகோக்காரர், ஹாரிஸின் சொந்தக் கட்சிக்காரர். ஆளுங்கட்சி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு குளிர்காலத்துக்கு வேண்டிய வெப்பம் இருந்திருக்கும்.

ஊர் கொதித்தது. டவுன்டவுனில் முன்னாள் மேயர் ஜான் ஸூவல் தலைமையில் ‘உள்ளூர் ஜனநாயகத்துக்கான குடிமக்கள்’ என்ற அமைப்பு முளைத்தது. திங்கட்கிழமை சாயந்திரமானால் தேவாலயத்தில் கூட்டம். பாதிரியார்கள் ஆண்டுக்கணக்கில் வருந்தி அழைத்தும் வராத கூட்டம், நகராட்சி எல்லைக்காக வந்து பெஞ்சை நிறைத்தது. பிப்ரவரியில் 1837 கலகத்தை நினைவூட்டும் வகையில் யங் தெருவில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள்.

இந்த 1837 கலகத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்த உவமையைக் கையிலெடுக்கக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். டொராண்டோவின் முதல் மேயர் வில்லியம் லயன் மக்கென்ஸி, ஆளும் கோஷ்டியைக் கவிழ்க்க யங் தெரு வழியாகப் படை திரட்டி வந்தார். வழியில் அரசுத் தரப்பு ஆட்கள் சிலர் இருட்டிலிருந்து சுட்டுவிட்டு ஓட்டமெடுத்தார்கள். கலகப்படையின் முன்வரிசை பதிலுக்குச் சுட்டது. பின்னாலிருப்பவர்கள் சுட வழிவிட்டு முறைப்படி கீழே படுத்தது. பின்வரிசையோ முன்வரிசை மொத்தமும் செத்துவிட்டது என்று முடிவுகட்டித் திரும்பி ஓடியது. எதிரியும் ஓட, நாமும் ஓட, போர்க்களத்தில் ஒருவரும் மிஞ்சாத போர் அது. இரண்டு நாளில் கலகம் முடிந்து மக்கென்ஸி அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். 160 ஆண்டு கழித்து அவர் பெயரைச் சொல்லி அதே தெருவில் நடந்தவர்களுக்கு ஒரு முன்னேற்றம் உண்டு. இவர்கள் ஓடவில்லை. ஆனால் கதை முடிந்தது என்னவோ அதே மாதிரிதான்.

அடுத்து வாக்கெடுப்பு. 1997 மார்ச் 3 அன்று ஆறு ஊர்களும் முடிவை அறிவித்தன. ஆறிலுமே ‘வேண்டாம்’ வென்றது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் எதிர்ப்பு. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத ஆறு ஊர்கள், ஒன்றாகச் சேரக் கூடாது என்பதில் ஒன்றாகச் சேர்ந்தன. அரசு தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. மசோதாவில் திருத்தமும் விழுந்தது. 44 உறுப்பினர் என்றிருந்த புதிய மன்றம் 56 ஆனது. அரசியல்வாதிகளின் தலையை எண்ணிக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த சட்டம், பிறப்பதற்கு முன்பே பன்னிரண்டு தலை முளைக்கவிட்டது.

ஏப்ரல் 2. சட்டமன்றத்தில் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஏரிப் பெயர்களைக் கேட்டு நொந்த கட்சி தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தது. புதிய ஜனநாயகக் கட்சி 11,500 திருத்தங்களைத் தாக்கல் செய்திருந்தது. லிபரல் கட்சியின் பங்கு தனி. 11,500 திருத்தமும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றேதான்: சட்டம் நடப்புக்கு வருமுன் இந்தத் தெருவில் குடியிருப்போரிடம் கருத்துக் கேட்க வேண்டும். தெருப் பெயர் மட்டும் மாறும். மெட்ரோவின் தெருப் பட்டியலைக் கணினியில் கொட்டி, கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி அச்சடிக்கிற அதே மெயில்-மெர்ஜ் வித்தையால் அச்சிட்டு எடுத்தார்கள். ஒவ்வொன்றும் 220 சொல். ஒவ்வொன்றையும் சபையில் வாசிக்க வேண்டும், வாக்கும் எடுக்க வேண்டும். முழுக்க வாசித்தால் 25 லட்சம் சொற்களுக்கு மேல். உலகத்தில் எந்த இலக்கியமும் இவ்வளவு பெரிய சபையில், இவ்வளவு வெறுப்போடு கேட்கப்பட்டதில்லை.

அகர வரிசைப்படி அபிவுட் ட்ரெயில் முதலில் வந்தது. எழுத்தர் வாசித்தார். வேண்டும் என்போர்? எதிர்க்கட்சி. வேண்டாம் என்போர்? ஆளுங்கட்சி. தோற்றது. அடுத்த தெரு. இப்படியே ராத்திரி, விடியல், மறுநாள் ராத்திரி என்று போனது. உறுப்பினர்கள் ஆலைத் தொழிலாளிகள் மாதிரி ஷிஃப்ட் போட்டு வந்தார்கள். எதிர்க்கட்சிக்கு வேலை சுலபம், தூங்கினாலும் தோற்கத்தான் போகிறது. ஆளுங்கட்சிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் விழித்திருந்து ‘வேண்டாம்’ சொல்ல வேண்டும். பெரும்பான்மை வைத்திருப்பதன் கஷ்டம் இதுதான்.

ஏப்ரல் 4 அன்று அது நடந்தது. எழுத்தர் கஃபோன் கோர்ட் என்று வாசித்தார். எட்டோபிகோவில் ஒரு முட்டுத்தெரு, விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்கு வீடுகள். தூக்கக் கலக்கத்தில் ஆளுங்கட்சி வரிசை கோட்டைவிட்டது. திருத்தம் நிறைவேறிவிட்டது! வாக்கெடுப்பு நடத்தி ‘வேண்டாம்’ சொன்ன ஆறு ஊர்களுக்குக் கிடைக்காத உரிமை, கஃபோன் கோர்ட்வாசிகளுக்குச் சட்டமன்றத்தின் அங்கீகாரத்தோடு கிடைத்தது. அவர்களைக் கேட்காமல் இனி கனடாவின் மிகப் பெரிய நகரத்தை உருவாக்க முடியாது. அந்தத் தெருவில் அன்று காலை நாயை நடத்திக்கொண்டு போனவர் எவருக்கும் தன் கையில் இருந்த அதிகாரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அரசு பதறி எழுந்து, அதை ரத்துச் செய்யத் தானும் ஒரு திருத்தம் கொண்டுவந்து கஃபோன் கோர்ட்டைப் பழையபடி சாதாரணத் தெருவாக்கியது. 24 லட்சம் பேரின் நகராட்சிகளைக் கலைக்கிற அரசு, கூட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடி வீடுகளோடு மல்லுக்கட்டி நின்றது.

நான்கு நாள் ஆகியும் ஆங்கில வரிசையில் ஐந்தாவது எழுத்தைத்தான் தொட்டிருந்தார்கள். ஏப்ரல் 6 அன்று ஸ்டாக்வெல் குறுக்கிட்டு, 220 சொல்லையும் திரும்பத் திரும்ப வாசிக்கத் தேவையில்லை, தெருப் பெயர் போதும் என்றார். அப்படியும் ஸோரா தெருவை எட்டும்போது ஏப்ரல் 8 ஆகிவிட்டது. பிறகு லிபரல்களின் திருத்தங்கள். ஏப்ரல் 11-ல் எல்லாம் ஓய்ந்தது, அதே மாதம் மசோதா சட்டமாகியது. பலன் பூஜ்யம் என்று சிலர் சொல்வார்கள். மாநகரத்தின் அத்தனை தெருப் பெயர்களும் வாய்விட்டு வாசிக்கப்பட்ட ஒரே சபை என்ற பெருமையை என்ன செய்வது?

நீதிமன்றம் போனார்கள். 1997 ஜூலையில் நீதிபதி ஸ்டீபன் போரின்ஸ் தீர்ப்பளித்தார். 1867 அரசியல் சாசனப்படி நகராட்சிகள் மாகாணத்தின் படைப்பு, படைத்தவன் அழித்தால் கேட்க முடியாது. அரசு ஆணவமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் அரசாங்க ஆணவத்திலிருந்து விடுபட்டு வாழும் உரிமையைக் கனடிய உரிமைச் சாசனம் யாருக்கும் வழங்கவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். தோற்றவர்களுக்கு நீதிபதியும் நம்மைப் போலத்தான் நினைக்கிறார் என்ற ஆறுதல். வென்றவர்களுக்கு ஆணவத்துக்கு நீதிமன்ற முத்திரை. இரு தரப்பையும் திருப்திப்படுத்துகிற தீர்ப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

1997 நவம்பரில் புதிய மாநகரத்தின் முதல் மேயர் தேர்தல். பழைய டொராண்டோவின் மேயர் பார்பரா ஹால் ஒரு பக்கம். கால் நூற்றாண்டு நார்த் யார்க் மேயராக இருந்த மெல் லாஸ்ட்மன் மறுபக்கம். லாஸ்ட்மன் இணைப்பை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தியவர். அவர்தான் வென்றார். அடிப்படையில் அவர் வீட்டுச் சாமான் வியாபாரி. ஆர்க்டிக் பனிப்பிரதேசத்துக்குப் போய் ஒருவருக்குக் குளிர்சாதனப் பெட்டி விற்று விளம்பரம் தேடியவர். வேண்டாத பொருளை வேண்டாதவரிடம் விற்பதில் பழக்கமுள்ள இவரைவிட இந்த மெகா நகரத்துக்குப் பொருத்தமான மேயர் அமைந்திருக்க மாட்டார்.

1999 ஜனவரியில் பனி கொட்டியபோது லாஸ்ட்மன் ராணுவத்தை வரவழைத்தார். ஆறு மாதம் பனியில் புதைந்து கிடக்கும் மற்ற கனடிய ஊர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கின்றன. 2001-ல் ஒலிம்பிக்கை டொராண்டோவுக்குக் கொண்டுவர ஆதரவு திரட்டிக் கென்யா கிளம்பியவர், அங்கே தன்னைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுற்றி நின்று ஆடுவார்களோ என்று பத்திரிகையாளரிடம் திருவாய் மலர்ந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். ஒலிம்பிக் பெய்ஜிங் போனது. 2003-ல் சார்ஸ் பரவி, டொராண்டோவுக்குப் போக வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்தபோது, சிஎன்என்னில் தோன்றி, யார் இவர்கள், நான் கேள்விப்பட்டதே இல்லையே என்றார்.

மிச்சமாக வேண்டிய பணம் என்ன ஆயிற்று? ஒரே வேலைக்கு ஆறு ஊரில் ஆறு சம்பளம் இருந்தது. சமப்படுத்தும்போது உயர்ந்த சம்பளக்காரரைக் கீழே இழுக்க முடியுமா? எல்லோரும் மேலே போனார்கள். சேவைகளும் அப்படியே. ஓர் ஊரில் இருந்த வசதியை அடுத்த ஊர்க்காரர் எனக்கும் என்றார், நியாயம்தானே. ஆறு ஊர்க் கணினிகளையும் ஒருங்கிணைக்கும் காலத்தில் 4.3 கோடி டாலர் என்று நம்பி மன்றம் கைதூக்கிய கணினி வாடகை ஒப்பந்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிப் போய் நின்றது. நீதிபதி டெனிஸ் பெல்லமி தலைமையில் விசாரணை நடந்து நகரமே நாறியது. ஈனிட் ஸ்லாக், ரிச்சர்ட் பேர்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2013-ல் கணக்கை ஆற அமரப் பார்த்தார்கள். செலவு குறைந்ததற்கு அடையாளம் இல்லை. ஆனால் வரி வருமானம் பொதுவானதால் வசதி குறைந்த ஊர்களுக்குச் சேவை சமமாகக் கிடைத்தது என்றார்கள். அதாவது இணைப்பால் விளைந்த ஒரே நன்மை, அதைக் கொண்டுவந்தவர்கள் சொல்லாத நன்மை.

ஹாரிஸ் காலத்தில் ஒன்டாரியோவின் 815 ஊராட்சிகள் 447 ஆயின. பிரிந்துபோகக் கேட்டவர்களும் உண்டு. கவார்த்தா லேக்ஸ் என்ற ஊரில் 2003-ல் 51 சதவீதம் பேர் பிரித்துவிடு என்று வாக்களித்தார்கள். அப்போது ஆட்சியிலிருந்த லிபரல்கள் கேட்கவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தெருத் தெருவாக வாசிப்பதற்கும், ஆளுங்கட்சியானபின் ஊர் சொல்வதைக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வரைபடத்தில் அழிந்த எல்லைகள் வாக்குப்பெட்டியில் அழியவில்லை. 2010-ல் எட்டோபிகோவின் ராப் ஃபோர்ட் மேயரானார். அந்த முடிவை வார்டு வாரியாக வண்ணம் தீட்டினால் பழைய டொராண்டோ ஒரு நிறம், இணைக்கப்பட்ட சுற்றூர்கள் இன்னொரு நிறம். தேவாலயத்தில் கூடிய டவுன்டவுன் அறிவாளிகள் எதை நினைத்துப் பயந்தார்களோ, அது போதைப்பொருள் சர்ச்சை, காணொளி சகிதம் மேயர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. ராப்பின் தந்தை டக் ஃபோர்ட் சீனியர், இணைப்பு நடந்தபோது ஹாரிஸ் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். ராப்பின் அண்ணன் டக் ஃபோர்ட் 2018-ல் மாகாண முதல்வராகி, நகரத் தேர்தல் வேட்புமனுவெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே 47 வார்டுகளை 25 ஆக வெட்டினார். ஸ்கார்பரோவின் பத்து வார்டுகள் ஆறாயின. தமிழர்கள் நிறைந்த அந்தப் பகுதியிலிருந்து 2017-ல் டொராண்டோ மன்றத்துக்குத் தேர்வான முதல் தமிழர் நீதன் ஷான், வார்டுகள் வெட்டப்பட்ட அந்தத் தேர்தலில் சொற்ப வாக்குகளில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணம் வென்றது. படைத்தவன் உரிமை இன்னும் காலாவதியாகவில்லை.

இத்தனைக்கும் பிறகு பிரித்துக் கொடு என்று டொராண்டோவில் பெரிதாக யாரும் கேட்பதில்லை. ஆறு மண்டபங்களில் தனித்தனியாகப் போட்ட சண்டையை ஒரே மண்டபத்தில் போட முடிகிறது. ஸ்கார்பரோவுக்குச் சுரங்க ரயிலா, டிராம் வண்டியா என்ற ஒரு சண்டைக்கே பத்து வருடத்துக்கு மேல் செலவானது. எட்டோபிகோக்காரரும் அதில் ஆவேசமாகக் கருத்துச் சொல்ல உரிமை பெற்றார். குப்பை மட்டும் இன்னும் இணைப்பை ஏற்கவில்லை. யங் தெருவுக்கு மேற்கே தனியார் வண்டி அள்ளுகிறது, கிழக்கே நகராட்சி வண்டி. 30 கோடி டாலர் மிச்சத்தை இரண்டு வண்டியிலும் தேடிப் பார்க்கலாம்.